பழைய படகு, புதிய அலை: ஒரு தண்ணிப் பையின் வரலாறு

கப்பல் கட்டுகிற ஆக்கள் நூற்றைம்பது வருடமாக ஒரு விசயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். கப்பலுக்குப் பின்னால் எழும்புகிற அலை வீண்செலவு. எஞ்சின் எரிக்கிற எரிபொருளில் ஒரு பங்கு கப்பலை முன்னுக்குத் தள்ளாமல், தண்ணியைத் தூக்கிவிடுவதற்கே போய்விடுகிறது. 1872இல் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் டோர்க்கி என்ற ஊரில் நீளமான ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கட்டி, மெழுகில் செய்த சின்னக் கப்பல்களை அதில் இழுத்து இழுத்துப் பார்த்ததும் இந்தச் செலவைக் குறைக்கத்தான். எந்த வடிவம் குறைவாக அலை எழுப்புகிறதோ அதுதான் நல்ல கப்பல்.

இந்தக் கதையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள் அமெரிக்க ஏரிகளில் இருக்கிறார்கள். பழைய படகு ஒன்றை வாங்கி, பெரிய பைகளில் தண்ணீர் நிரப்பி அதற்குள் வைத்து, படகை ஒரு பக்கம் சரித்து, மெதுவாக ஓட்டி, பின்னால் எவ்வளவு பெரிய அலையை எழுப்பலாம் என்று பார்க்கிறவர்கள். அந்த அலையில் கயிறு கூட இல்லாமல் ஒருவர் பலகையில் நின்று சறுக்குவார். இதற்குப் பெயர் வேக்சர்ஃப்.

காசு உள்ளவர்களின் விளையாட்டுத்தானே, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். தேடிப் பார்க்கப் பார்க்க வேறொரு வரலாறு தெரிந்தது. இதில் முக்கியமான கண்டுபிடிப்பைச் செய்தது தொழிற்சாலைகள் அல்ல, பழைய படகு வைத்திருந்த சாதாரண ஆக்கள். பிறகு அது காப்புரிமையானது, வழக்கானது. கடைசியில் அந்த அலை அடித்த கரையில் இருந்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

அலை வேண்டாம் என்ற காலம்

1922 கோடையில், மினசோட்டா மாநிலத்தின் பெப்பின் ஏரியில், 18 வயதுப் பெடியன் ஒருவன் காலில் இரண்டு பலகைகளைக் கட்டிக்கொண்டு படகுக்குப் பின்னால் தொங்கினான். பெயர் ரால்ஃப் சாமுவெல்சன். பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தான், பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிப் பார்த்தான், இரண்டும் சரிவரவில்லை. பிறகு நீளமான மரப்பலகையின் நுனியை வேகவைத்து வளைத்துக் கட்டியபோது எழும்பி நின்றான். நீர்ச்சறுக்கு அப்படித்தான் தொடங்கியது. அவன் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1925இல் ஃபிரெட் வாலர் என்பவர் தன் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். இந்த விளையாட்டில் செய்து பார்த்தவர் ஒருவராகவும் பதிந்துகொண்டவர் இன்னொருவராகவும் இருப்பது முதல் வருடங்களிலேயே தொடங்கிவிட்டது.

நீர்ச்சறுக்குப் போட்டியாக வளர்ந்தபோது படகுக்கு ஒரு வேலை வந்தது. வளைந்து வளைந்து மிதவைகளைச் சுற்றிப் போகும் போட்டியில் ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீற்றர். அந்த வேகத்தில் சறுக்குகிறவர் ஒவ்வொரு முறையும் படகின் பின் அலையைக் குறுக்காக வெட்டிக் கடக்க வேண்டும். அலை உயரமாக இருந்தால் காலைத் தட்டிவிடும். எனவே நல்ல படகு என்றால் பின்னால் மேசை மாதிரித் தட்டையான தண்ணீரை விட்டுச் செல்லும் படகு. 1961இல் கொரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் விற்கத் தொடங்கிய ஸ்கீ நோட்டிக் அப்படிப்பட்ட படகு. 1968இல் றொப் ஷேர்லி தொடங்கிய மாஸ்டர்கிராஃப்டும் அதே நோக்கத்தோடுதான் வந்தது. படகின் உடல் இலேசாக இருக்கும். எஞ்சின் நடுவில் இருக்கும். பாரம் முன்னும் பின்னும் சமமாக இருந்தால் பின்பக்கம் தாழாது, அலையும் எழும்பாது.

அதாவது இந்தத் தொழிலும் முதல் முப்பது வருடம் ஃபுரூட்டின் பக்கம்தான் நின்றது.

அலை வேண்டும் என்ற காலம்

1985இல் கலிபோர்னியாவில் டோனி ஃபின் என்பவர் ஸ்கேர்ஃபர் என்ற பலகையைக் கொண்டுவந்தார். கடல் அலைச்சறுக்குப் பலகையைச் சின்னதாக்கி, படகால் இழுக்கிற மாதிரி. 1990இல் ஹேர்ப் ஓ'பிரையன் ஹைப்பர்லைட் என்ற மெல்லிய பலகையைச் சந்தைக்கு விட்டார். தண்ணிக்குள் சுலபமாக அமுங்கும் அந்தப் பலகையோடு வேக்போர்ட் விளையாட்டு வேகமாகப் பரவியது.

வேக்போர்ட் ஓடுகிறவருக்குப் படகின் அலை தடை இல்லை. அது ஏறிப் பாய்கிற மேடு. மேடு உயர உயரப் பாய்ச்சலும் உயரும். ஆனால் அன்றைக்கு ஏரியில் ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் அலையைக் குறைக்கவென்று முப்பது வருடம் பாடுபட்டுச் செய்த படகுகள்!

அப்போ ஆக்கள் என்ன செய்தார்கள்? இருந்த படகையே கெடுத்தார்கள். தொழிற்சாலை எதைச் செய்யக்கூடாது என்று நினைத்ததோ அதைச் செய்தார்கள். கூட்டாளிமாரை ஏற்றிப் பின்பக்கம் இருத்தினார்கள். ஆள் கிடைக்காத நாளில் மண் மூட்டை. எங்கட களப்புகளில் ஃபைபர் படகில் போனவர்களுக்கு இது புதுசில்லை. நாலு பேர் பின்னுக்குப் போய் இருந்தால் அணியம் மேலே தூக்கும், பின்னால் தண்ணி குழிந்து பெரிய அலையாக எழும்பும். எங்கட ஓட்டி ஏசுகிற அந்த நிலைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பிறகு வந்தது தண்ணிப் பை. தடித்த துணியும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த, மெத்தை மாதிரியான பை. ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. 400 லீற்றர் பை ஒன்றை நிரப்பினால் 70 கிலோ ஆக்கள் கிட்டத்தட்ட ஆறு பேரை ஏற்றின பாரம். கரையில் இருந்து தூக்கி வரத் தேவையில்லை. ஏரித் தண்ணியையே சின்னப் பம்ப் ஒன்றால் ஏற்றலாம். மணிக்கு 3000 லீற்றர் தள்ளுகிற பம்ப் என்றால் எட்டு நிமிடம். வேலை முடிந்தால் திருப்பி ஏரிக்குள்ளேயே விடலாம்.

தொழிற்சாலைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. 1997இல் கொரெக்ட் கிராஃப்ட், சூப்பர் ஏயர் நோட்டிக் என்ற படகை வேக்போர்ட்டுக்கென்றே வெளியிட்டது. கயிற்றை உயரத்தில் கட்டுவதற்குக் கோபுரம் போன்ற ஒரு குழாய்ச் சட்டம் அதில் இருந்தது. எஞ்சினைப் பின்பக்கம் வைக்கிற அமைப்பும், படகின் அடியிலேயே பொருத்திய தண்ணித் தொட்டிகளும் மெல்ல மெல்ல வழக்கமாயின. ஆக்கள் கையால் செய்ததைத் தொழிற்சாலை உள்ளே வைத்துக் கட்டியது.

17 கிலோமீற்றரில் நடப்பது

படகின் அலையில் கயிறு இல்லாமல் சறுக்குவது புதிய யோசனை இல்லை. 1960களிலேயே நீளமான கடல் பலகைகளோடு படகுகளுக்குப் பின்னால் நின்றவர்கள் உண்டு. ஆனால் அது ஒரு பெரிய விளையாட்டாக வளர்வதற்குத் தண்ணிப் பை வர வேண்டியிருந்தது.

வேக்போர்ட் ஓடுகிற வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீற்றர். வேக்சர்ஃப் ஓடுகிற வேகம் அதில் பாதி, 16 முதல் 18 வரை. ஏன் இவ்வளவு மெதுவாக? ஆழமான தண்ணீரில் அலையின் வேகத்துக்கும் நீளத்துக்கும் ஒரு உறவு உண்டு: வேகமாகப் போகும் அலை நீளமானது. படகுக்குப் பின்னால் கூடவே வரும் அலை படகின் வேகத்திலேயே வர வேண்டும். மணிக்கு 17 கிலோமீற்றர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு முகட்டில் இருந்து அடுத்த முகடு வரை சுமார் 14 மீற்றர். படகின் நீளம் ஆறரை மீற்றர்தான். முன்பக்கம் எழுப்பிய முகட்டின் மேல் அணியம் இருக்க, பின்பக்கம் அதற்கு அடுத்த பள்ளத்தில் போய் இருக்கிறது. படகு தன் சொந்த அலையின் மேட்டில் ஏற ஏறப் பார்த்துக்கொண்டே போகிறது, ஏறி முடிப்பதில்லை. இதைவிட மெதுவாகப் போனால் அலை சின்னது. வேகமாகப் போனால் படகு மேட்டைத் தாண்டித் தண்ணீரின் மேல் வழுக்கத் தொடங்கும், அலை தட்டையாகும். மற்றப் படகோட்டிகள் எல்லாம் கெதியாகக் கடந்துவிடப் பார்க்கிற இந்த இடைவேகத்தில்தான் வேக்சர்ஃப் படகு மணிக்கணக்காக நிற்கிறது.

அறுகம் குடாவில் அலைச்சறுக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அலை தானாக வரும், ஆள் காத்திருக்க வேண்டும். இங்கே அலை காத்திருக்கிறது. பெற்றோல் முடியும் வரைக்கும்.

பழைய படகைச் சரிக்கட்டின கதை

1990களில் செய்த சுமார் 1,200 கிலோ படகு ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் சறுக்கக்கூடிய அலையைக் கொண்டுவர என்ன செய்யலாம்? கையில் பை இருந்தவர்கள் வருடக்கணக்காக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக் கண்டவை இவை.

முதலாவது, பாரம் போகவேண்டிய இடம் சறுக்குகிற பக்கத்துப் பின்மூலை. இடது காலை முன்னுக்கு வைத்து நிற்பவர் படகின் இடப்பக்க அலையில் ஓடுவார், வலது காலை முன்னுக்கு வைப்பவர் வலப்பக்கத்தில். எந்தப் பக்கம் ஓடுகிறாரோ அந்தப் பக்கம் படகு சரிய வேண்டும். சமமாகப் பாரம் ஏற்றினால் இரண்டு பக்கமும் உடைந்த நுரைதான் வரும். சரித்தால் ஒரு பக்கம் நுரையாகிப்போக, மற்றப் பக்கம் வடிவான முகம் உள்ள அலையாக எழும்பும்.

இரண்டாவது, பின்னால் மட்டும் ஏற்றினால் அலை உயரமாக இருக்கும், ஆனால் கட்டை. சறுக்குகிறவர் கொஞ்சம் பின்னுக்கு வந்தாலே அலையை இழந்துவிடுவார். முன்பக்கமும் ஒரு பங்கு ஏற்றினால் உயரம் கொஞ்சம் குறையும், நீளம் கூடும். கயிற்றை விட்ட பிறகு நிற்பதற்கு நீளம்தான் தேவை. பெரிய அலை வேண்டும் என்று எல்லாத்தையும் பின்னுக்கு அடுக்கினவர்கள் இந்தப் பாடத்தை விழுந்து விழுந்து படித்தார்கள்.

மூன்றாவது, வேகத்தைத் துளித்துளியாக மாற்றுவது. கொஞ்சம் கூட்டினால் அலை நீண்டு துப்புரவாகும், குறைத்தால் செங்குத்தாகும். நான்காவது, புரொப்பெல்லர் சுழலும் திசை. ஒற்றைப் புரொப்பெல்லர் தண்ணியை ஒரு பக்கம் முறுக்கித் தள்ளுவதால், பழைய படகுகளில் ஒரு பக்கத்து அலை மற்றதைவிட எப்போதும் நன்றாக இருக்கும். அந்தப் பக்கத்தைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதி வேலை மிச்சம்.

ஐந்தாவது, ஆழம். ஆழமில்லாத இடத்தில் அலை அடியைத் தட்டும். 14 மீற்றர் நீளமான அலைக்கு அதில் பாதி ஆழம், சுமார் 7 மீற்றர், இருந்தால்தான் அடி இருப்பது தெரியாது. கரையோரம் ஓடி "அலை சரியில்லை" எண்டு படகைத் திட்டினவர்கள் கனபேர்.

சரித்து ஓட்டுவதில் ஒரு தொல்லை இருந்தது. படகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும், ஓட்டுகிறவரின் கை நோகும். அடுத்த ஆள் மற்றக் காலில் நிற்பவர் என்றால் நூற்றுக்கணக்கான கிலோ தண்ணியை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் மாற்ற வேண்டும்.

பலகையின் சொந்தக்காரர் யார்?

2012இல் மாலிபு நிறுவனம் இதற்கு ஒரு விடையைக் காட்டியது. பெயர் சர்ஃப் கேட். படகின் பின்மூலை ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கதவு. இடப்பக்கம் சறுக்க வேண்டும் என்றால் வலப்பக்கக் கதவு வெளியே விரியும். அந்தப் பக்கத்தால் ஓடிவரும் தண்ணீர் படகுக்குப் பின்னால் வந்து சேர்வது கொஞ்சம் பிந்தும். அந்தப் பிந்துதலால் மறுபக்க அலை குழம்பாமல், நீண்டு, வடிவாக எழும்பும். படகைச் சரிக்கத் தேவையில்லை. பக்கம் மாற்ற ஒரு பொத்தானை அமத்தினால் போதும்.

இதை மாலிபு காப்புரிமையாகப் பதிந்தது. நோட்டிக் மீது வழக்கு, 2015இல் மாஸ்டர்கிராஃப்ட் மீது வழக்கு. அவை உரிமக் கட்டண உடன்பாடுகளில் முடிந்தன.

பழைய படகு வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? புதுப் படகு ஒன்றின் விலை ஒரு வீட்டு விலை. ஆனால் அந்தக் கதவு செய்கிற வேலை ஒரு துண்டுப் பலகை செய்கிற வேலைதான் என்று பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. மரத்துண்டையோ பிளாஸ்ரிக் தகட்டையோ ஆப்பு வடிவில் வெட்டி, கண்ணாடி தூக்குகிறவர்கள் பாவிக்கும் இறப்பர் உறிஞ்சிகளைப் பொருத்தி, சறுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், பின்மூலைக்குச் சற்று முன்னால், தண்ணி மட்டத்துக்குக் கீழே ஒட்டினார்கள். கழன்று போனால் ஏரிக்குள் தொலையாமல் ஒரு கயிறும் கட்டினார்கள். இருபது வருடப் பழைய படகின் பின்னால் அலை நீண்டது. பிறகு அதே மாதிரி ஒட்டுத் துண்டுகள் கடைகளிலும் விற்பனைக்கு வந்தன.

கதவைக் கண்டுபிடித்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நாங்கள் வரவில்லை. அந்த யோசனை உண்மையிலேயே கெட்டித்தனமானது. ஆனால் அது வந்து விழுந்த நிலம் யார் பண்படுத்தினது? எந்த மூலையில் எவ்வளவு பாரம், எந்த வேகம், எந்தப் பக்கம் என்ற அறிவு எல்லாம் பெயர் தெரியாத ஆக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்த்தது. அதற்குக் காப்புரிமை இலக்கம் கிடையாது. சாமுவெல்சனின் வளைந்த பலகைக்கும் கிடையாது.

பின்னால் வருகிறது அலை மட்டுமல்ல

இந்த அறிவுக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. வேக்சர்ஃப் ஓடுகிறவர் படகின் பின்விளிம்பில் இருந்து இரண்டு மூன்று மீற்றர் தூரத்தில் நிற்கிறார். புரொப்பெல்லர் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படகில் இது உயிரோடு விளையாடுவது. அதனால்தான் புரொப்பெல்லர் படகின் அடியில் இருக்கும் படகுகளில் மட்டும் இதைச் செய்கிறார்கள். 2015இல் வொல்வோ பென்டா, புரொப்பெல்லரை முன்பக்கம் பார்க்கத் திருப்பிய ஒரு அமைப்பை வெளியிட்டதற்கும் இந்தச் சந்தை ஒரு காரணம்.

மற்றது கண்ணுக்குத் தெரியாது. பெற்றோல் எஞ்சின் விடும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படகு மெதுவாகப் போகும்போது அது பின்பக்கத்திலேயே தங்கும். படகின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு இழுபட்டு விளையாடிய இளம் ஆக்கள் இதனால் இறந்த பிறகு, 2004இல் கலிபோர்னியா அந்த விளையாட்டைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. புகையைச் சுத்திகரிக்கும் கருவி இல்லாத பழைய எஞ்சின்களில் இந்த ஆபத்து கூட. எனவே பழைய படகைத் திருத்துகிறவர் அலைக்கு முன்னம் புகையைப் பார்க்க வேண்டும். புகையைத் தண்ணிக்கு அடியில் கொண்டுபோய் விடும் குழாய் பொருத்தலாம், எச்சரிக்கைக் கருவி வைக்கலாம். ஆனால் கயிற்றை நீளமாக்கித் தூர நிற்பதும், சும்மா நிற்கும் நேரம் எஞ்சினை நிறுத்துவதும்தான் முதல் வேலை.

பாரமும் அப்படித்தான். படகில் ஒட்டியிருக்கும் சுமைத் தகட்டுக்குத் தண்ணி, ஆள் என்று வித்தியாசம் தெரியாது. 1,200 கிலோ படகில் 800 கிலோ தண்ணியும் ஆறு பேரும் ஏறினால் படகின் எடை இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. விழுந்தவரை எடுக்கத் திரும்பும்போது, தான் எழுப்பின அலைக்கே அணியத்தைக் கொடுத்துத் தண்ணி குடித்த படகுகள் உண்டு.

கரையின் கணக்கு

அலை உடைந்து முடிந்ததும் காணாமல் போவதில்லை. உயரம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி நான்கு மடங்கு. படகு போய்விடும். அந்தச் சக்தி எங்கேயோ ஒரு கரையில் மண்ணை அரிக்கும், நாணலைப் பிடுங்கும், கட்டியிருக்கும் சின்ன வள்ளத்தை மோதவிடும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சென்ற் அந்தனி ஃபோல்ஸ் ஆய்வுகூடம் இதை ஏரியில் வைத்து அளந்து 2022இல் வெளியிட்டது. சாதாரணப் படகு கரையில் இருந்து 200 அடி தள்ளி ஓடும்போது கரைக்கு வந்து சேரும் அலையின் அளவுக்கு, வேக்சர்ஃப் படகின் அலை அடங்க வேண்டும் என்றால் அது 500 அடிக்கு மேல் தள்ளி ஓட வேண்டும் என்றார்கள். 2024இல் வேர்மொன்ட் மாநிலம் விதி கொண்டுவந்தது: கரையில் இருந்து 500 அடி, ஆழம் 20 அடி, குறைந்தது 50 ஏக்கர் தொடர்ச்சியான பரப்பு. இது பொருந்துகிற ஏரிகள் அந்த மாநிலத்தில் முப்பதளவில்தான்.

பழைய படகுக்காரர் "என்ர படகு சின்னது, புதுசுகள்தான் பிரச்சினை" எண்டு சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது; இன்றைய பெரிய படகுகள் வெறுமையாகவே 2,500 கிலோ தாண்டும். ஆனால் பையை நிரப்பி, மூலையைத் தாழ்த்தி, பலகை ஒட்டினது எதற்காக? அந்தப் பெரிய படகின் அலை தன் படகுக்கும் வேண்டும் என்றுதான். அலை வந்துவிட்டால் 500 அடிக் கணக்கும் சேர்ந்தே வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னேரம் பம்பைப் போட்டுப் பையைக் காலியாக்கும்போது கடைசிச் சில லீற்றர் உள்ளேயே தங்கிவிடும். 1988இல் அமெரிக்கப் பேரேரிகளில் கண்டுபிடிக்கப்பட்ட வரிக்குதிரை மட்டி, தூரதேசக் கப்பல்களின் பாரத்தண்ணீரில் வந்தது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஏரியில் நிரப்பின பையைக் காயவைக்காமல் அடுத்த ஏரியில் திறந்தால் அவையும் இறங்கும். அதனால்தான் அங்கே படகுத் துறைகளில் கழுவு, வடி, காயவை என்று எழுதிப்போட்டிருக்கிறார்கள்.

1922இல் சாமுவெல்சன் எழும்பி நின்றதும் மினசோட்டாவில், சரியாக நூறு வருடம் கழித்து அலை கரைக்குச் செய்வதை அளந்து சொன்னதும் மினசோட்டாவில். இரண்டுக்கும் இடையில் எத்தனையோ பேர் தண்ணிப் பையை இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு இழுத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெடியன்மாரின் கெட்டித்தனத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க இருக்கிறது: அலை எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திரும்பிப் பார்க்கிற அந்த நேரத்தில், அது போய்ச் சேருகிற கரையையும் ஒருக்கால் பாருங்கோ.